இங்கிலீஷ்காரன் அப்படிப் பேசமாட்டானாம்!

தமிழ் நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர், தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறவர், ஆங்கிலத்திலேயே கதையோ நாடகமோ எழுதிப் பார்க்கும் நம்மூர்க்காரர் ஆகிய மூவரில் யாரும் ஒரு தீர்ப்பிலிருந்து தப்பியதில்லை: "இங்கிலீஷ்காரன் இப்படிப் பேசமாட்டான் சார்." மற்ற இடங்களில் இது ஒரு யோசனையாக வரும். இரண்டு பேர் முகத்துக்கு முகம் நின்று மோதிக்கொள்ளும் காட்சி என்றால் சட்டமாகவே வந்து இறங்கும். சண்டை வசனம் 'நேச்சுரலாக' இருக்க வேண்டும். நேச்சுரல் என்றால் லண்டனிலோ நியூயார்க்கிலோ பிறந்து வளர்ந்தவர் கோபத்தில் சட்டென்று சொல்வது. அது சின்ன வாக்கியம், சுருக்கிய வினைச்சொல், நடுவே ஒரு கெட்ட வார்த்தை. பயிலரங்குகளில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கைப்பிரதியின் ஓரத்தில் எடிட்டர்கள் இதைத்தான் எழுதுகிறார்கள்.

இந்தக் கருத்து அடிப்படையிலேயே தவறு என்பது என் வாதம். சண்டை வசனத்தில் இயல்பு என்பது மொழியின் குணம் அல்ல. பேசுகிற ஆளின் குணம், எதிரே நிற்கிற ஆளின் குணம், இருவருக்கும் நடுவே இருக்கும் உயரத்தின் குணம். அதை விட்டுவிட்டு வரியை மட்டும் எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பவர், ஆங்கிலத்தைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு பாத்திரத்தைக் கொன்றுவிடுகிறார்.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்பது புரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் சண்டை போட்டால் எப்படி இருக்கும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தெருவில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ரௌடி, "ஐ ஷல் நாட் டாலரேட் திஸ் இன்சல்ட்" என்பான். அடுத்த பக்கத்தில் அவன் மனைவியும் அதே வாக்கிய அமைப்பில் அழுவாள். எல்லோர் வாயிலும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். இதைப் படித்துச் சலித்துப்போன ஒருவர் "ஐயா, மனுஷன் பேசுகிற மாதிரி எழுதுங்கள்" என்று கெஞ்சியது நியாயமே. ஆனால் "மனுஷன் பேசுகிற மாதிரி" என்பது எப்போது "இங்கிலீஷ்காரன் பேசுகிற மாதிரி" என்று மாறியது? அந்த மாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. நோய்க்குச் சொன்ன மருந்து, நோயைவிட மோசமாகிவிட்டது. முன்பு எல்லோரும் ஒரே இலக்கணப் புத்தகத்தைப் பேசினார்கள். இப்போது எல்லோரும் ஒரே அமெரிக்கத் தொடரைப் பேசுகிறார்கள்.

முதலில் ஆங்கிலத்தின் சொந்த வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். இங்கிலீஷ்காரன் கோபத்தில் எப்படிப் பேசுவான் என்பதை ஆங்கில எழுத்தாளர்களைவிட அறிந்தவர் யார்?

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813-இல் வந்தது. அதில் லேடி கேத்தரின் என்ற பிரபு குடும்பத்துப் பெண்மணி, எலிசபெத்தின் வீட்டுக்கே வந்து, தோட்டத்துக்கு அழைத்துப்போய், என் சகோதரி மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடு என்று மிரட்டுகிறாள். ஆங்கில நாவல்களிலேயே மிகக் கடுமையான வாய்ச்சண்டைகளில் ஒன்று அது. அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எலிசபெத் தன் பதில்களில் எதிராளியை "யுவர் லேடிஷிப்" என்ற மரியாதை விளியோடே அழைக்கிறாள். கோபம் ஏற ஏற மரியாதை குறையவில்லை, வாக்கியம் நீளவும் தயங்கவில்லை. அந்த மரியாதைக்குள் நின்றுகொண்டே அவள் ஒரு அங்குலம்கூட நகர மறுக்கிறாள். சண்டையின் வலி முழுவதும் அதில்தான் இருக்கிறது. இன்றைக்கு இதை ஒரு புது எழுத்தாளர் எழுதிக்கொண்டு வந்தால், நம்மூர் எடிட்டர் "டூ ஃபார்மல், ரியலாக இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

"அது இருநூறு வருஷப் பழசு" என்பார்கள். சரி, சார்லஸ் போர்ட்டிஸின் 'ட்ரூ கிரிட்' 1968-இல் வந்த அமெரிக்க நாவல். கதை தொடங்குவது 1870-களின் ஆர்கன்சாவில். அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் புறப்படும் மேட்டி ராஸ் என்ற பதினான்கு வயதுப் பெண், குதிரை வியாபாரி ஒருவனிடம் பணம் திரும்பக் கேட்டு நிற்கிறாள். அந்தப் பேரம் ஒரு கத்திச் சண்டை. அவள் கையில் துப்பாக்கி இல்லை. "என் வக்கீல் டாகெட்" என்ற பெயர்தான் ஆயுதம். அந்தப் பெண் கிட்டத்தட்ட எங்குமே வினைச்சொல்லைச் சுருக்குவதில்லை. 'டோன்ட்' வர வேண்டிய இடத்தில் 'டு நாட்', 'ஐ'ம்' வர வேண்டிய இடத்தில் 'ஐ ஆம்'. அந்தக் காலத்து அமெரிக்கர்கள் சுருக்கிப் பேசாதவர்களா? நிச்சயமாகப் பேசினார்கள். ஆகவே இது ஆங்கிலத்தின் இயல்பு அல்ல, காலத்தின் இயல்பும் அல்ல. பல வருஷம் கழித்து, கல்யாணம் செய்துகொள்ளாத, பைபிளும் கணக்குப் புத்தகமும் கையில் வைத்திருக்கும் கிழவியாகி அந்தக் கதையைச் சொல்கிற மேட்டியின் இயல்பு. 2010-இல் கோயன் சகோதரர்கள் இதைப் படமாக்கியபோது அந்தப் பேச்சை அப்படியே வைத்தார்கள். யாரும் தியேட்டரைவிட்டு எழுந்து போகவில்லை. ஒரு சின்னப் பெண் சுருக்காமல் முழு வாக்கியமாகப் பேசுகிறாள் என்பதே அந்த வியாபாரியைக் கலங்கடிக்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் பத்து நிமிஷத்தில் புரிந்துகொண்டார்கள்.

வசைச்சொல் இல்லாவிட்டால் உண்மைக் கோபம் வராது என்ற நம்பிக்கைக்கு வருவோம். பிரிட்டனில் மேடை நாடகங்களை லார்ட் சேம்பர்லின் அலுவலகம் தணிக்கை செய்துகொண்டிருந்தது. 1737-இல் சட்டமாக வந்த அந்தத் தணிக்கை 1968-இல்தான் ஒழிந்தது. அந்த இருநூற்றுச் சொச்சம் வருஷங்களில் ஆங்கில மேடையில் யாரும் சண்டையே போடவில்லையா? ஆஸ்போர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' 1956, தலைப்பிலேயே கோபம். பின்டரின் 'தி பர்த்டே பார்ட்டி' 1958. லண்டனில் ஒரே வாரத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அந்த நாடகத்தில் இரண்டு பேர் ஒருவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டே நொறுக்குகிறார்கள். கேள்விகள் என்ன? பாதிக் கேள்விகளுக்கு அர்த்தமே இல்லை. கோழி ஏன் சாலையைக் கடந்தது என்ற குழந்தைகளின் விடுகதைகூட அதில் வருகிறது. கேட்கிறவனுக்குப் பதில் வேண்டாம், எதிராளி உடைய வேண்டும், அவ்வளவுதான். 1965-இல் வந்த 'தி ஹோம்கமிங்' நாடகத்தில் ஒரு தண்ணீர்த் தம்ளரை எடுப்பதா விடுவதா என்பது தகராறு. சொற்கள் அத்தனையும் காலைச் சாப்பாட்டு மேஜையில் புழங்குகிறவை. ஆனால் அந்த வீட்டில் இனி யார் ஆளப்போகிறார் என்பது அந்தத் தம்ளரில் முடிவாகிவிடுகிறது.

1914 ஏப்ரலில் ஷாவின் 'பிக்மேலியன்' லண்டனில் மேடையேறியபோது ஒரே ஒரு 'ப்ளடி' அரங்கத்தைக் கலக்கியது. அந்தச் சொல் சண்டையில் வரவில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். பூ விற்ற பெண், பயிற்சி பெற்ற சீமாட்டி உச்சரிப்பில், மரியாதையான ஒரு வரவேற்பறையில், சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். லண்டன் தெருக்களில் தினமும் ஆயிரம் முறை ஒலித்த சொல் அது. சபை அதிர்ந்தது சொல்லால் அல்ல, அது விழுந்த இடத்தால். 'கான் வித் த விண்ட்' படத்தில் 'டேம்' என்ற சொல்லுக்கு இடம் கொடுக்க, ஹாலிவுட் தன் தணிக்கை விதியை 1939 நவம்பரில் தளர்த்தியது. எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் பேசுகிறார்கள். ஆனால் நாயகன் ரெட் பட்லர் வாசலில் நின்று மனைவியிடம் சொல்லும் அந்த வரியை உற்றுக் கேளுங்கள்: வெட்டுவது 'டேம்' அல்ல, கூடவே வருகிற 'மை டியர்' என்ற விளி. அதை எடுத்துவிட்டால் எரிச்சலோடு ஒருவன் கதவைச் சாத்துகிறான். அது இருப்பதால்தான் ஒரு கல்யாணம் முறிகிறது.

கெட்ட வார்த்தைதான் உண்மை என்பவர்கள் 'டெட்வுட்' தொடரையும் காட்டுவார்கள். 2004-இல் எச்பிஓ-வில் தொடங்கிய அந்தத் தொடர், 1870-களின் தங்கச் சுரங்க ஊர் ஒன்றில் நடக்கிறது. நிமிஷத்துக்கு நிமிஷம் வசவு. ஆனால் அது அந்தக் காலத்து வசவு அல்ல. அன்றைய கெட்ட வார்த்தைகள் பெரும்பாலும் கடவுளையும் நரகத்தையும் தொட்டவை. அவற்றை அப்படியே வைத்தால் இன்றைய காதுக்குக் கார்ட்டூன் போல ஒலிக்கும் என்பதால், தொடரை உருவாக்கிய டேவிட் மில்ச் இன்றைய வசவுகளை வைத்தார். அதாவது 'ரியல்' என்று நாம் மெச்சுவது கவனமாகச் செய்யப்பட்ட ஒரு பொய். எனக்கு அந்தப் பொய்யின்மேல் புகார் இல்லை, அருமையான வேலை அது. அதைக் காட்டி "இப்படித்தான் இயல்பு" என்று விதி போடுவதுதான் தப்பு.

இனி, இந்த விவாதத்தில் யாரும் தொடாத ஒரு விஷயம். நமக்கு ஆங்கிலச் சண்டை வசனத்தில் பெரிய இடர்ப்பாடு கெட்ட வார்த்தை அல்ல, ஒருமை, பன்மை. தமிழில் ஒரு மனிதன் 'நீங்க'-விலிருந்து 'நீ'-க்கு இறங்கினால் போதும், கத்தி உருவியாகிவிட்டது. 'யா', 'டா', 'டீ' என்று இன்னும் படிகள் உண்டு. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. எப்போதும் அப்படி இருந்ததா? 1603-இல் வின்செஸ்டரில் வால்டர் ராலே மீது ராஜத் துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை 'தௌ' என்று ஒருமையில் அழைத்தார். அழைத்தது மட்டுமல்ல, உன்னை ஒருமையில்தான் அழைக்கிறேன் என்று சொல்லியே அழைத்தார். அவமதிப்பு அந்தச் சொல்லில் இருந்தது. அதே காலத்தில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில், சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப்போகிறவனிடம் சர் டோபி, இரண்டு மூன்று இடத்தில் ஒருமை போட்டு எழுது என்று சொல்லிக்கொடுக்கிறான். நம்மூர்ப் பஞ்சாயத்துத் திண்ணையில் உட்கார வைத்தால் கோக், சர் டோபி இருவரும் ஒட்டிக்கொள்வார்கள்.

பிறகு ஆங்கிலம் அந்த ஒருமையைக் கைவிட்டது. கைவிட்ட மொழிக்குச் சண்டை போடத் தெரியாமல் போய்விடவில்லை. வேலையை வேறு உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. 'சர்' என்பதைச் சேர்ப்பதும் விடுவதும் ஒன்று. முதல் பெயரா, குடும்பப் பெயரா, 'மிஸ்டர்' உண்டா என்பது இன்னொன்று. ஆங்கிலத் தாய் ஒருத்தி மகனை நடுப்பெயர் உட்பட முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அன்றைக்கு அவனுக்கு அடி நிச்சயம். 'ப்ளீஸ்' திடீரென்று காணாமல் போவது, அல்லது தேவையில்லாத இடத்தில் திடீரென்று முளைப்பது. இவையெல்லாம் ஒரு தனி வரியில் தெரியாதவை. முன்னால் வந்த வரிகளோடு சேர்த்துப் பார்த்தால் மட்டுமே தெரிபவை.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நானே கட்டியது, எந்தப் படத்திலும் தேடாதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு களத்துமேடு. அறுவடை முடிந்து கணக்குப்பிள்ளை கூலி கொடுக்கிறார். வரிசையில் நிற்கும் ஆள் பத்து வருஷமாக அவரை 'ஐயா' என்றும் 'நீங்க' என்றும் அழைத்தவன். அன்றைக்கும் முதலில் "எண்ணிக் குடுங்கய்யா" என்கிறான். கணக்குப்பிள்ளை எண்ணாமல் நோட்டுகளை நீட்டுகிறார். குறைகிறது என்று அவனுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவன் வாங்காமல் நிற்கிறான். பிறகு: "எண்ணிக் குடுய்யா."

மாறியது ஒரே ஒரு அசை. ஊர் வரலாறு மாறிவிட்டது.

நேச்சுரல் கட்சிக்காரர் இதற்கு என்ன ஆங்கிலம் தருவார்? "ஜஸ்ட் கிவ் மீ மை டேம் மணி." ஒப்புக்கொள்கிறேன்: தப்பில்லாத ஆங்கிலம், வாயில் வழுக்கிக்கொண்டு போகிறது, எந்த அமெரிக்கனும் சொல்வான். அதுதான் கோளாறு. எந்த அமெரிக்கனும் சொல்லக்கூடிய வரி அது. அதைச் சொல்பவன் நேற்றும் அப்படித்தான் பேசியிருப்பான், நாளைக்கும் அப்படித்தான் பேசுவான். பத்து வருஷம் குனிந்து நின்ற முதுகு இன்றைக்கு முதல்முறை நிமிர்கிறது என்பது அதில் எங்கே இருக்கிறது? சினிமா ஹீரோ ஒருவன் வந்து கூலியாளின் வாயை வாடகைக்கு எடுத்துக்கொண்டான்.

எனக்குச் சரியென்று படும் ஆங்கிலம் இரண்டே சொல்: "கவுன்ட் இட்." அவ்வளவுதான். தனியாகப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. பயிலரங்கில் படித்துக் காட்டினால் யாரும் கை தட்ட மாட்டார்கள். ஆனால் அந்தக் காட்சிக்கு முன்னால் அவன் பேசும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'சர்' என்று ஒன்றை விடாமல் வைத்திருக்க வேண்டும். "எஸ், சர்." "ஐ'ல் கம் டுமாரோ, சர்." "ப்ளீஸ் கவுன்ட் இட், சர்." பார்க்கிறவரின் கண் அந்தச் 'சர்'-க்குப் பழகி, அதைப் படிப்பதையே நிறுத்திவிட்ட நேரத்தில், 'சர்' இல்லாமல், 'ப்ளீஸ்' இல்லாமல் அந்த இரண்டு சொல் வர வேண்டும். அப்போது இல்லாதது கேட்கும். சண்டை வரியைச் சரிசெய்யும் இடம் அந்த வரி அல்ல. அதற்கு முந்தைய பத்து நிமிஷம். வரியை மட்டும் வெட்டி எடுத்து "இது நேச்சுரலா?" என்று நண்பர்களைக் கேட்பவர், அந்தக் கேள்வியிலேயே தோற்றுவிட்டார்.

சப்டைட்டிலில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரிய ஓடிடி தளங்களில் ஒரு வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி என்பது கணக்கு. இடம் அவ்வளவுதான். அதைவிட முக்கியம், பார்க்கிறவர் செவிடர் அல்ல. நடிகரின் குரல் அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. தொண்டை நரம்பு புடைக்கக் கத்துகிறார் என்பது மொழி தெரியாத ஆளுக்கும் தெரியும். குரல் செய்துமுடித்த வேலையைக் கீழே எழுத்து மறுபடி செய்தால், ஒரே கோபம் இரண்டு முறை வருகிறது. இரண்டாவது முறை அது நடிப்பாகத் தெரிகிறது. குரலால் சொல்ல முடியாதது எது? யார் யாரிடம் எந்த உயரத்திலிருந்து பேசுகிறார் என்பது. சப்டைட்டில்காரரின் கூலி அதற்குத்தான்.

வழவழப்பான ஆங்கிலம் எதைத் துடைத்துவிடும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் 2021-இல் வந்தது. கொரியத் தொடரான 'ஸ்க்விட் கேம்'-இல், யாரும் தன்னைக் குழுவில் சேர்த்துக்கொள்ளாத நிலையில் ஒரு பெண், தான் புத்திசாலி, படிக்க வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை என்று சொல்கிறாள். ஆங்கில டப்பிங்கை ஒட்டி வந்த எழுத்துகளில் அது, நான் ஒன்றும் மேதை இல்லை, ஆனாலும் சமாளித்துவிடுவேன் என்ற அர்த்தத்துக்குப் போய்விட்டது. கொரியன் தெரிந்தவர்கள் சமூக ஊடகங்களில் கொதித்தார்கள். ஆங்கிலமாகப் பார்த்தால் அந்த வரியில் ஒரு குறையும் சொல்ல முடியாது; சரளமான வரி. ஏழைக்குப் படிப்பு மறுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு மட்டும் அதில் இல்லை. அந்தத் தொடர் முழுக்க முழுக்க அந்தக் குற்றச்சாட்டைப் பற்றியது.

இதுவரை சொன்னது தமிழ் பேசும் பாத்திரங்களைப் பற்றி. ஆங்கிலம் பேசும் நம்மூர்ப் பாத்திரங்கள் விஷயத்தில் நேச்சுரல் கட்சியின் அட்டகாசம் இன்னும் அதிகம். 1960-களின் கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவர் தன் மகனைக் காதலித்த பெண்ணின் அப்பாவை வீட்டைவிட்டு விரட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன சொல்வார்? "யூ ராஸ்கல், கெட் அவுட்!" கறுப்பு வெள்ளைப் படங்களில் மாடிப்படியில் டிரெஸ்ஸிங் கவுனோடு இறங்கி வந்த அப்பாக்களெல்லாம் இதைத்தான் சொன்னார்கள். எடிட்டர் உடனே 'ராஸ்கல்' மேல் கோடு போடுவார்: இங்கிலாந்தில் இன்றைக்கு அது குறும்புக்காரப் பிள்ளையையும் நாய்க்குட்டியையும் கொஞ்சும் சொல், இங்கிலீஷ்காரன் கோபத்தில் அப்படிப் பேசமாட்டான். இங்கிலீஷ்காரன் பேசமாட்டான்தான். ஐயா, பேசுகிறவர் கோயம்புத்தூர்க்காரர்! ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் கடுமையான வசவாக இருந்த சொல் அது. அங்கே தேய்ந்துவிட்டது, இங்கே தேயவில்லை. இன்றைக்கும் ஒரு நடுத்தரவயதுத் தமிழரைப் பார்த்து 'ராஸ்கல்' என்று சொல்லிவிட்டு நின்று பாருங்கள்.

'மைண்ட் யுவர் டங்' என்பது இன்னொன்று. ரயில்வே கவுன்ட்டரில், அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில், வங்கி மேலாளர் அறையில், சண்டை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவுகிற கணத்தை அறிவிக்கும் சங்கு அது. "ஐ வில் ஸீ யூ" என்று நம்மூர் வக்கீல் விரலை ஆட்டிச் சொன்னால் அது மிரட்டல். லண்டன்காரர் காதில் விடைபெறுதலாக விழும். இந்த இடத்தில் ஆங்கிலத்தைத் திருத்தினால் என்ன மிஞ்சும்? ஆங்கிலத்துக்குத் தாவுவதே நம்மூரில் ஒரு அதிகாரச் செயல். அந்த அதிகாரம் கடன் வாங்கியது என்பது அந்த ஆங்கிலத்தின் கோணலில்தான் தெரியும். கோணலை நிமிர்த்தினால் வக்கீலும் போய்விடுவார், சண்டையும் போய்விடும். நல்ல ஆங்கிலம் ஒன்றுதான் நிற்கும்.

உண்மையில் இந்தக் கட்சியின் அடியில் இருப்பது ரசனை அல்ல, கூச்சம். 1990-களில் சேனல் வி-யில் குவிக் கன் முருகன் என்ற தென்னிந்தியக் கௌபாய் வந்தான். 2009-இல் படமாகவும் வந்தான். 'மைண்ட் இட்' என்று அவன் சொன்னதை வடக்கே கல்லூரி விடுதிகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நம் எடிட்டர்களின் முதுகில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஆள் ஆங்கிலத்தில் கோபப்பட்டால் சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில், கோபப்படும் வேலையையே அமெரிக்கனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். குவிக் கன் முருகன் சிரிக்க வைத்ததற்குக் காரணம் அவன் ஆங்கிலம் அல்ல; அவனை எழுதியவர்கள் சிரிக்க வைக்கத்தான் எழுதினார்கள்.

எதிர்முகாமுக்கு நான் ஆள் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'வாலை ஒட்ட நறுக்கிடுவேன்' என்பதை அட்சரம் பிசகாமல் ஆங்கிலத்தில் போட்டு, மண்வாசனை என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. கேட்பவனுக்கு மண்வாசனை வராது, குரங்கு ஞாபகம்தான் வரும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும் வரியைத் தனியாகப் பார்க்கும் அதே நோய்தான், வேறு உடுப்பில். பல இடங்களில் ஆங்கிலத்தின் சொந்த மரபே மிகச் சரியாகப் பொருந்தும். கூட்டுக் குடும்பத்து மருமகள் ஒருத்தி, "நீங்க பெரியவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினால், அது அந்த வீட்டில் அந்த மாதம் விழுந்த மிகப் பெரிய அடி. ஆங்கிலத்தில் "ஐ'ம் ஷ்யூர் யூ நோ பெஸ்ட்." அச்சாகப் பொருந்துகிறது. இங்கிலீஷ்காரியும் இப்படித்தான் பேசுவாள். ஆனால் இதைத் தேர்ந்தெடுத்த காரணம் அது அல்ல. மேலிருப்பவரைக் கீழிருப்பவர் பணிவாலேயே குத்தும் வழி இரண்டு மொழியிலும் ஒன்றாக அமைந்துவிட்டது, அதனால் எடுத்தோம். பொருந்தாத இடத்தில் விட்டுவிட வேண்டியதுதான். கவனியுங்கள், இதிலும் ஒரு வசவு இல்லை.

ஒரு ஆட்சேபம் மட்டும் பதில் சொல்லத் தகுந்தது. "நீங்கள் சொல்கிறபடி எழுதினால், படிக்கிறவர் அதைப் பாத்திரத்தின் ஆங்கிலம் என்று நினைக்க மாட்டார். மொழிபெயர்ப்பாளருக்கு ஆங்கிலம் வராது என்று நினைப்பார்." இது உண்மையான ஆபத்து, இந்த ஆபத்தை வெள்ளை எழுத்தாளர் சந்திப்பதில்லை, நாம்தான் சந்திக்கிறோம். போர்ட்டிஸ் சுருக்காமல் எழுதினால் நடை. நம்மூர்க்காரர் எழுதினால் பிழை. ஆனாலும் போர்ட்டிஸுக்கும் அந்த உரிமை இலவசமாகக் கிடைக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அந்தப் பெண்ணின் பேச்சு ஒரே கட்டுக்கோப்பில் நிற்கிறது. சுற்றியிருப்பவர்கள் வேறு வேறு விதமாகப் பேசுகிறார்கள். அந்த வேறுபாடுதான் வாசகருக்குக் கிடைக்கும் உறுதிமொழி. ஒரு புத்தகத்தில் வக்கீலின் ஆங்கிலம் ஒரு மாதிரி, கூலியாளின் ஆங்கிலம் வேறு மாதிரி, மருமகளின் ஆங்கிலம் இன்னொரு மாதிரி, ஒவ்வொன்றும் கடைசிவரை பிசகாமல் இருந்தால், எழுதியவருக்கு ஆங்கிலம் வராது என்று நினைக்க வாசகர் மடையர் அல்ல. எல்லோரும் ஒரே ஆங்கிலம் பேசும் புத்தகத்தில்தான், நடுவே ஒரே ஒரு 'மைண்ட் யுவர் டங்' வந்தால் அது பிழையாகத் தெரியும். அதற்கு மருந்து அந்த ஒன்றைத் திருத்துவது அல்ல.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும், முன்கதை தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் வேலை கொடுப்பவர்களிடம் ஒரு வார்த்தை. படம் வெளியாகப்போகிற வாரத்தில், காட்சி இல்லாத வெறும் வசனப் பட்டியலை அனுப்பி, இரண்டு ராத்திரிக்குள் ஆங்கிலம் கேட்டால், உலகத்தில் எவரும் அந்த வழவழப்பான அமெரிக்க ஆங்கிலத்தைத்தான் தர முடியும். அதை எழுத யாரையும் தெரிந்திருக்கத் தேவையில்லை. முழுப் படத்தைப் பார்க்கக் கொடுங்கள். யார் யாரை 'நீங்க' என்கிறார், எந்தக் காட்சியில் 'நீ'-க்கு இறங்குகிறார் என்று வசனகர்த்தாவிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கிக் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு அவருடைய ஒரு மணி நேரம்.